கார்டிகன்ஷயரில் பிறந்த ஒரு ஜோன்ஸ்: சேப்பல் பதிவேடுகளில் எங்கே தொடங்குவது?

அபர்டேர் மருமகள்:

வணக்கம். என் கணவர் வேல்ஸ்காரர். அபர்டேர் பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாக நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த குடும்பம். மாமனாருக்கு எண்பது தாண்டிவிட்டது. "நாங்கள் எல்லாம் சேப்பல் ஆட்கள், மெதடிஸ்ட்" என்பார், அதாவது சர்ச் ஆஃப் இங்கிலாந்தில் சேராத சபையினர். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. அவருடைய தாத்தாவின் அப்பா எந்த ஊரிலிருந்து அபர்டேருக்கு வந்தார் என்று அவர் நன்றாக இருக்கும்போதே கண்டுபிடித்துச் சொல்லிவிட வேண்டும் என்பது என் ஆசை.

கையில் இருப்பது இவ்வளவுதான். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் அபர்டேரில் இருக்கிறார். வயது 34, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, மனைவி, நான்கு பிள்ளைகள். பிறந்த இடம் என்ற கட்டத்தில் வெறும் "கார்டிகன்ஷயர்" என்ற மாவட்டப் பெயர். குடும்பப் பெயர் ஜோன்ஸ். முதல் பெயரும் தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கும் பெயர்தான்.

சர்ச் ஆஃப் இங்கிலாந்தில் சேராத சபைகளின் பழைய பதிவேடுகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன என்று படித்து, ஆர்ஜி 4 என்ற தொகுப்பை இணையத்தில் அலசிவிட்டேன். கார்டிகன்ஷயர் சேப்பல்களில் ஜோன்ஸ்கள் வரிசை வரிசையாக வருகிறார்கள், ஆனால் வயது ஒத்துப்போகிறவர் ஒருவரும் இல்லை. பிறப்புப் பதிவு அட்டவணையில் நேர் எதிர்: 1846, 1847இல் பொருந்தக்கூடியவர்கள் ஏகப்பட்ட பேர். எவர் நம்மவர் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று. மாமியாரின் அலமாரியில் ஒரு சின்ன அச்சுப் புத்தகம் கிடைத்தது. அட்டையும் முதல் தாளும் போய்விட்டன. முழுக்க வெல்ஷ் மொழி. உள்ளே பக்கம் பக்கமாகப் பெயர்கள், தெருப் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று பத்தியாக எண்கள். கடைசிப் பக்கத்தில் மூன்று பேரின் பெயர்களும் 1894 என்ற வருடமும். நம்மவர் பெயரும் உள்ளே இருக்கிறது, எதிரே 1, 4, 0 என்று. இது ஏதாவது கடன் கணக்கா? தேடலுக்கு உதவுமா?

பழைய ஏடு:

சகோதரி, அந்தப் புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் கையில் இருப்பதிலேயே பெரிய ஆதாரம் அதுதான். கடன் கணக்கு இல்லை, சேப்பலின் ஆண்டறிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து வேல்ஸ் சேப்பல்கள் வருடா வருடம் இப்படி ஒன்றை அச்சடித்து அங்கத்தினர்களுக்குக் கொடுத்தன. யார் யார் அங்கத்தினர், எந்தத் தெரு அல்லது எந்தப் பண்ணை, அந்த வருடம் சபைக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் வரும். மூன்று பத்திகளும் பவுண்டு, ஷில்லிங், பென்ஸ். 1 பவுண்டு 4 ஷில்லிங் என்றால் 24 ஷில்லிங். மாதம் 2 ஷில்லிங் வீதம் வருடம் முழுக்கக் கொடுத்த கணக்கு அது. சுரங்க வேலையில் எத்தனை ஏற்ற இறக்கம் இருந்தாலும் மாதம் தவறவில்லை போலிருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் உள்ள மூவர் பெரும்பாலும் போதகர், செயலாளர், பொருளாளர். அட்டை இல்லாவிட்டால் பரவாயில்லை, அவர்களை வைத்தே சேப்பலைப் பிடித்துவிடலாம். அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகம் 1919 வரையிலான செய்தித்தாள்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அபர்டேரிலிருந்தே 'டரியன் அ க்வைத்யுர்' என்ற வெல்ஷ் வாரப் பத்திரிகை 1875 முதல் வந்தது, சேப்பல் செய்திகளுக்கு அதில் பஞ்சமே இல்லை. செயலாளர் பெயரையும் "அபர்டேர்" என்பதையும் சேர்த்து 1890 முதல் 1898 வரை தேடுங்கள். போதகர் யார் என்று தெரிந்துவிட்டால் சேப்பலும் தெரிந்த மாதிரிதான்.

இதைத்தான் இங்கே புதிதாக வருகிற எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: முதலில் ஆளைத் தேடாதீர்கள், சேப்பலைத் தேடுங்கள். வேல்ஸில் ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ், எவன்ஸ், தாமஸ் என்று நாலைந்து பெயர்களுக்குள் பாதி நாடு அடங்கிவிடும். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கரை சேர முடியாது. எந்தச் சபை என்று தெரிந்தால்தான் ஒரு ஜோன்ஸ் மற்ற ஜோன்ஸ்களிலிருந்து தனியாகத் தெரிவார்.

சேப்பலைத் தேடும்போது பெயரோடு சபைப் பிரிவையும் ஊரையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பெத்தேல், எபெனேசர், சாலேம், சீயோன், ஓரேப், எபிரோன் எல்லாம் வேதாகமப் பெயர்கள். ஒரே பள்ளத்தாக்கில் இண்டிபெண்டன்ட்டுகளுக்கு ஒரு சாலேம், பாப்டிஸ்டுகளுக்கு ஒரு சாலேம் என்று இருக்கும். "சாலேம் சேப்பல்" என்று மட்டும் எழுதிக் கேட்டால் காப்பகத்தில் எந்தப் பெட்டியைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்?

உங்கள் மாமனார் சொன்ன "மெதடிஸ்ட்" பற்றியும் ஒரு வார்த்தை. வேல்ஸில் ஒருவர் சும்மா மெதடிஸ்ட் என்று சொன்னால் பெரும்பாலும் கால்வினிஸ்டிக் மெதடிஸ்ட். இன்று அந்தச் சபையின் பெயர் வேல்ஸ் பிரஸ்பிட்டீரியன் சபை. இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வழி வந்தவர்களை அங்கே வெஸ்லியன் என்று தனியாகத்தான் சொல்வார்கள். இங்கிலாந்து மெதடிஸ்ட் ஏடுகளில் உங்கள் ஆளைத் தேடினால் வேறு வீட்டுக் கதவைத் தட்டுகிறீர்கள் என்று அர்த்தம். கால்வினிஸ்டிக் மெதடிஸ்டுகளின் பெரிய ஆவணத் தொகுப்பு அதே அபெரிஸ்ட்வித் நூலகத்தில் இருக்கிறது.

இப்போது ஆர்ஜி 4. அதில் உங்கள் ஆள் கிடைக்காததில் ஆச்சரியமே இல்லை. 1837 ஜூலை 1இல் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் அரசாங்கப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு தொடங்கியது. அந்தச் சமயத்தில் சபைகள் தங்கள் பழைய ஏடுகளை ஒப்படைக்கலாம் என்று அரசு கேட்டு வாங்கியதுதான் அந்தத் தொகுப்பு. ஆக அது ஏறக்குறைய 1837உடன் நின்றுவிடும். நீங்கள் தேடுவதோ 1847வாக்கில் பிறந்தவரை. அவருடைய அப்பா அம்மாவைத் தேடும்போது ஆர்ஜி 4 கைகொடுக்கும், இப்போது அல்ல. அதுவும் முழுமையான தொகுப்பு இல்லை. ஏட்டைக் கொடுக்க மனமில்லாத சபைகள் உண்டு. போதகர் அதைத் தன் சொந்த நோட்டுப் போல வைத்திருந்து, வேறு ஊருக்குப் போகும்போது கையோடு கொண்டுபோன கதையும் உண்டு. இன்னொன்றும் கவனியுங்கள். கால்வினிஸ்டிக் மெதடிஸ்டுகள் 1811இல்தான் தங்கள் போதகர்களுக்குத் தாங்களே குருப்பட்டம் கொடுத்து சர்ச் ஆஃப் இங்கிலாந்தை விட்டுப் பிரிந்தார்கள். அதற்கு முன்னால் அவர்கள் வீட்டுக் குழந்தைகளின் ஞானஸ்நானம் பெரும்பாலும் பாரிஷ் சர்ச் (சர்ச் ஆஃப் இங்கிலாந்தின் ஊர்க் கோயில்) ஏட்டில்தான் இருக்கும்.

1837க்குப் பிந்தைய சேப்பல் ஏடுகள் சில அபெரிஸ்ட்வித்தில், சில மாவட்டக் காப்பகங்களில், சில இன்னும் யாரோ ஒரு டீக்கன் (சபை நிர்வாகி) வீட்டு மச்சில் கிடக்கின்றன. அபர்டேர் பக்கத்துச் சேப்பல்கள் என்றால் கார்டிஃபில் உள்ள கிளமோர்கன் காப்பகத்தின் பட்டியலை முதலில் பாருங்கள்.

ஞானஸ்நான ஏட்டைவிட எனக்கு நெருக்கமானது அங்கத்தினர் புத்தகம். நான் பல வருடங்களாக ஒரு காப்பகத்தில் தன்னார்வலராக இருக்கிறேன், என் கைக்கு வந்த ஏடுகளில் மனதைத் தொட்டது கார்டிகன்ஷயர் கிராமச் சேப்பல் ஒன்றின் அங்கத்தினர் புத்தகம்தான். நீளமான தாள், பழுப்பேறிய மை. இடது ஓரத்தில் வரிசை எண், பிறகு பெயர், பண்ணையின் பெயர், சபையில் சேர்ந்த நாள். வலது ஓரத்தில் ஒரு கட்டம்: போனவர் எங்கே போனார். 1860களின் பக்கங்களில் அந்தக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்தேன். அபர்டேர். மெர்தர். அபர்டேர். லிவர்பூல். இறந்தார். அமெரிக்கா. அபர்டேர். ஒரு கிராமத்து இளவட்டம் முழுதும் சுரங்கத்துக்குப் போனது அந்த ஒற்றைக் கட்டத்தில் இருந்தது. எந்த அரசாங்கப் பதிவும் அதைச் சொல்லாது.

அந்தக் கட்டம் ஏன் இருக்கிறது என்றால், ஊர் மாறும் அங்கத்தினர் சும்மா போய்விட முடியாது. பழைய சபையிலிருந்து ஒரு கடிதம் வாங்கிப்போய்ப் புதிய சபையில் கொடுக்க வேண்டும், இவர் நல்ல நிலையில் உள்ள அங்கத்தினர் என்று. சேர்த்துக்கொண்ட சபை "இன்ன சேப்பலிலிருந்து கடிதத்தோடு வந்தார்" என்று தன் ஏட்டில் எழுதும். நீங்கள் அபர்டேர் சேப்பலைக் கண்டுபிடித்து, அதன் அங்கத்தினர் புத்தகமும் பிழைத்திருந்தால், கார்டிகன்ஷயரில் எந்தச் சேப்பல் என்று ஒரே வரியில் தெரிந்துபோகும்.

ஏடு கிடைக்காமல் போகவும் வாய்ப்பு உண்டு என்பதால் அரசாங்கப் பதிவு வழியையும் கூடவே ஓட்டுங்கள். அதில் முதலில் வேண்டியது பிறப்புச் சான்றிதழ் அல்ல, திருமணச் சான்றிதழ். அதில்தான் அவருடைய அப்பா பெயரும் தொழிலும் இருக்கும். மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர் தெரியவில்லையா? பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில் 1881இல் உள்ள நான்கு பிள்ளைகளின் பிறப்பையும் எடுத்துப் பாருங்கள். தாயின் பிறந்த வீட்டுப் பெயரை 1837 தொடங்கியே அந்த அட்டவணையில் சேர்த்திருக்கிறார்கள். நாலு பிள்ளைக்கும் ஒரே பெயர் வந்தால் அதுதான். அப்போது அபர்டேர் தனிப் பதிவு மாவட்டம் கிடையாது, மெர்தர் டிட்வில் என்று தேடுங்கள். மூத்த பிள்ளை பிறந்ததற்கு முந்தைய சில வருடங்களில் அந்த ஜோன்ஸும் அந்தப் பெண்ணும் திருமண அட்டவணையில் ஒரே பக்க எண்ணில் வருகிறார்களா என்று பார்த்தால் போதும்.

1881 தாளோடு நின்றுவிடாதீர்கள். 1911 வரை அவர் இருந்திருந்தால் அது நல்ல தாள். அந்த வருடப் படிவங்கள் வீட்டார் நிரப்பியபடி அப்படியே பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. 1881இல் கணக்கெடுப்பாளர் மாவட்டப் பெயரோடு விட்டுவிட்ட இடத்தில், வீட்டுக்காரர் தன் ஊரின் பெயரை எழுதியிருப்பார். திருமணமாகி எத்தனை வருடம், எத்தனை பிள்ளை பிறந்து எத்தனை பிழைத்தன என்பதும் இருக்கும்.

கல்லறை வாசகி:

ஐயா எல்லாம் சொல்லிவிட்டார், நான் இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். என் கணவர் குடும்பம் டெய்ஃபி நதிக்கரையில் பாப்டிஸ்ட். பாப்டிஸ்டுகள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. வயது வந்து, தானே கேட்டு, மூழ்கி எடுப்பதுதான். ஆக ஒருவரின் ஞானஸ்நானத் தேதியைப் பார்த்து வயதைக் கணக்குப் போடாதீர்கள். என் கணவரின் முன்னோர் ஒருவர் தன் மகன் எடுத்த அதே நாளில் தானும் எடுத்திருக்கிறார். பிறந்த தேதியைத் தனியாக எழுதிவைத்த பாப்டிஸ்ட் சபைகளும் உண்டு, கிடைத்தால் அதிர்ஷ்டம். உங்கள் வீட்டார் மெதடிஸ்ட் என்றாலும் பெண் கொடுத்த வீடு பாப்டிஸ்டாக இருக்கலாம், அதனால் சொன்னேன்.

அப்புறம் அடக்கம். 1880க்கு முன்னால் பல கிராமங்களில் சேப்பலுக்கு என்று சொந்தக் கல்லறைத் தோட்டம் இல்லை. பாரிஷ் சர்ச் வளாகத்தில்தான் அடக்கம், அதுவும் சர்ச் ஆஃப் இங்கிலாந்து குருவின் ஜெபத்தோடு. 1880இல் வந்த சட்டம்தான் தங்கள் போதகரை வைத்துத் தங்கள் முறையில் அடக்கம் செய்ய வழிவிட்டது. அதற்குப் பிறகும் தகராறு ஓயவில்லை. வட வேல்ஸின் லான்வ்ரோதனில் 1888இல் ஒரு முதியவரின் அடக்கம் வழக்காகி, அதை நடத்தி வென்ற இளம் வக்கீல் லாய்ட் ஜார்ஜ் (பின்னாளில் பிரிட்டன் பிரதமர்) அதனாலேயே வேல்ஸ் முழுக்கத் தெரிந்தவர் ஆனார். இதையெல்லாம் சொல்வது எதற்கு என்றால், சேப்பல் குடும்பம் என்பதற்காகப் பாரிஷ் அடக்க ஏட்டைத் தள்ளிவிடாதீர்கள்.

கல்லறைக் கல்லில் பண்ணையின் பெயர் இருக்கும். ஜோன்ஸ் என்ற பெயரைவிட அந்தப் பண்ணைப் பெயர்தான் உங்களுக்குத் தங்கம். மனைவியைப் பிறந்த வீட்டுப் பெயரோடு எழுதிய கற்களையும் பார்த்திருக்கிறேன். மாவட்டக் குடும்ப வரலாற்றுச் சங்கங்கள் கல்வெட்டுகளைப் படித்துத் தொகுத்து வைத்திருக்கின்றன. கார்டிகன்ஷயருக்குத் தனிச் சங்கமே உண்டு.

அபர்டேர் மருமகள்:

ஐயா, தோழி, இருவருக்கும் மிக்க நன்றி. நிறைய நகர்ந்திருக்கிறது.

கடைசிப் பக்கத்துச் செயலாளரின் பெயர் பழைய செய்தித்தாளில் கிடைத்தது, ஒரு பாட்டுப் போட்டி அறிவிப்பில். அதிலிருந்து சேப்பலும் தெரிந்தது. நீங்கள் சொன்னபடியே கால்வினிஸ்டிக் மெதடிஸ்ட். கட்டடம் இப்போது வீடுகளாக மாறிவிட்டது. மாமனாரிடம் பெயரைச் சொன்னதும், "அங்கேதான் என் அப்பா ஞாயிறு பள்ளிக்குப் போனார்" என்றார். இத்தனை நாள் கேட்டும் வராதது, பெயரைக் கேட்டதும் வந்தது.

1911 தாளும் கிடைத்தது. பிறந்த இடம்: லாங்கெய்த்தோ, கார்டிகன்ஷயர். தெளிவான எழுத்து. பத்துப் பிள்ளைகள் பிறந்து ஆறு பேர்தான் பிழைத்திருக்கிறார்கள் என்பதையும் அதில் பார்த்தேன். அந்த எண்ணைக் கடந்து உடனே அடுத்த கட்டத்துக்குப் போக முடியவில்லை.

திருமணச் சான்றிதழும் வந்துவிட்டது. வருடம் 1869. அப்பா பெயர் டேவிட் ஜோன்ஸ், தொழில் விவசாயக் கூலி. ஆனால் திருமணம் நடந்த இடம் மெர்தர் பதிவு அலுவலகம். மாப்பிள்ளை கையெழுத்து இடத்தில் பெருக்கல் குறி. இவ்வளவு சேப்பல் பற்று உள்ளவர் சேப்பலில் கல்யாணம் செய்யாமல் இருப்பாரா? எழுதப் படிக்கத் தெரியாதவர் சபையில் எப்படி இருந்திருப்பார்? இது வேறொரு ஜோன்ஸாக இருக்குமோ என்று கவலையாக இருக்கிறது.

இன்னொரு சிக்கல். லாங்கெய்த்தோ எந்தப் பதிவு மாவட்டம் என்று பார்த்தேன், ட்ரெகாரன். அங்கே 1846, 1847இல் அதே பெயரில் இரண்டு குழந்தைகள். ஒருவரின் தாய் பிறந்த வீட்டுப் பெயர் டேவிஸ், மற்றவருக்கு ரோலண்ட். நம்மவர் தன் மூத்த மகனுக்கு நடுப்பெயராக ரோலண்ட் என்று வைத்திருக்கிறார். அப்படியானால் இரண்டாமவர்தான் என்று முடிவு கட்டிவிடலாமா?

பழைய ஏடு:

கவலை வேண்டாம், பதிவு அலுவலகத் திருமணம் சேப்பல் ஆள் இல்லை என்பதற்கு அடையாளமே அல்ல. பின்னணியைச் சொல்கிறேன். 1754 முதல் 1837 வரை குவேக்கர், யூதர் தவிர எல்லோரும் பாரிஷ் சர்ச்சில்தான் மணமுடிக்க வேண்டும் என்பது சட்டம். சேப்பல்காரர்களுக்கு அது நெஞ்சில் முள். 1837இல் இரண்டு வழி திறந்தது: ஒன்று பதிவு அலுவலகம், இன்னொன்று திருமணத்துக்கென்று பதிவு செய்த சேப்பல். சேப்பலில் வைத்தாலும் அரசாங்கப் பதிவாளர் நேரில் வந்து நிற்க வேண்டும், அவருக்குத் தனிக் கட்டணம். எல்லாச் சேப்பலும் அந்தப் பதிவைச் செய்யவும் இல்லை. அதனால் வேல்ஸில் பக்தியுள்ள சேப்பல் பிள்ளைகள் ஏராளமாகப் பதிவு அலுவலகத்தில் மணமுடித்தார்கள். பாரிஷ் சர்ச்சுக்குப் போகாமல் இருந்ததே அவர்களுக்குக் கொள்கை. பதிவாளர் வராமல் சேப்பலே பதிவு செய்துகொள்ள வழி வந்தது 1898ஆம் வருடச் சட்டத்தால்தான். அதற்கு முந்தைய சேப்பல் திருமணப் பதிவைச் சேப்பலிடம் கேட்டால் இருக்காது, மாவட்டப் பதிவாளரிடம்தான் இருக்கும்.

பெருக்கல் குறியும் அப்படித்தான். ஞாயிறு பள்ளியில் வேதாகமத்தை வாசிக்கத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். குழந்தைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் அங்கே உட்கார்ந்து வாசித்தார்கள். எழுத்துப் பயிற்சி வேறு சங்கதி. சங்கீதத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்கத் தெரிந்து, கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் அந்தத் தலைமுறையில் நிறையப் பேர். உங்கள் ஆள் அப்படி ஒருவராக இருக்கலாம்.

ரோலண்ட் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். தாயின் பிறந்த வீட்டுப் பெயரைப் பேரப்பிள்ளைக்கு நடுப்பெயராக வைக்கும் வழக்கம் வேல்ஸில் இருந்தது உண்மை, உங்கள் யூகமும் நல்ல யூகம்தான். ஆனால் ஊர் லாங்கெய்த்தோ ஆயிற்றே! பதினெட்டாம் நூற்றாண்டில் வேல்ஸ் முழுவதிலுமிருந்து ஜனங்கள் டேனியல் ரோலண்டின் பிரசங்கத்தைக் கேட்க வந்து குவிந்த ஊர் அது. அவர் 1790இல் இறந்தார். 1883இல் அங்கே சேப்பல் முன்னால் அவருக்குச் சிலையே வைத்தார்கள். லாங்கெய்த்தோவை விட்டு வந்த ஒரு கால்வினிஸ்டிக் மெதடிஸ்ட், மூத்த மகனுக்கு ரோலண்ட் என்று வைத்தால் அது தாய்வழிப் பெயராகவும் இருக்கலாம், அந்தப் போதகரின் நினைவாகவும் இருக்கலாம். அதை வைத்து மட்டும் கதவைச் சாத்திவிடாதீர்கள்.

இரண்டு பேரில் ஒருவரை விலக்க வேறு வழிகள் இருக்கின்றன. பைசா செலவில்லாதது முதலில்: ட்ரெகாரன் மாவட்டத்தின் இறப்பு அட்டவணையை 1846 முதல் 1869 வரை பாருங்கள். பொதுப் பதிவு அலுவலகத்தின் புதிய அட்டவணையில் இறந்தவரின் வயதும் வரும். இருவரில் ஒருவர் சிறு வயதில் போயிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு 1851 கணக்கெடுப்பு. நாலு வயதுப் பையன், அப்பா டேவிட், விவசாயக் கூலி, லாங்கெய்த்தோ அல்லது பக்கத்துப் பாரிஷ். இரண்டு குடும்பமும் கிடைத்தால் இருவரையும் 1861க்கும் 1871க்கும் பின்தொடருங்கள். 1871இல் ஒருவர் இன்னும் கார்டிகன்ஷயரில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தால் அவர் 1869இல் மெர்தரில் மணமுடித்து அபர்டேரில் குடியேறியவர் அல்ல. இத்தனைக்கும் பிறகு இருவரும் நின்றால் இரண்டு பிறப்புப் பதிவையும் வாங்கிவிடுங்கள். அந்த வருடங்களுக்கு டிஜிட்டல் படமாகவே கிடைக்கும், முழுச் சான்றிதழைவிட மிகவும் மலிவு. அப்பா டேவிட் யார் வீட்டில் என்று அதில் தெரியும்.

இரண்டில் ஒன்றுகூட நம்மவர் பிறப்பாக இல்லாமல் இருக்கவும் கூடும், அதையும் மனதில் வையுங்கள். 1874ஆம் வருடச் சட்டம் வரும்வரை பிறப்பைப் பெற்றோர் தாமாகப் போய்ப் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை, பதிவாளர்தான் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மலைப்பக்கத்துப் பண்ணைகளில் விடுபட்ட குழந்தைகள் உண்டு. அந்த நிலையில் சேப்பலின் ஞானஸ்நான ஏடு ஒன்றுதான் சாட்சி. லாங்கெய்த்தோவில் உள்ள கால்வினிஸ்டிக் மெதடிஸ்ட் சேப்பலின் பெயர் க்வின்வில். அதன் ஏடுகளைப் பற்றி அபெரிஸ்ட்வித் நூலகத்திடமும் கெரெடிகியன் காப்பகத்திடமும் எழுதிக் கேளுங்கள். கார்டிகன்ஷயருக்கு இன்றைய பெயர்தான் கெரெடிகியன், பட்டியல்கள் அந்தப் பெயரில் இருக்கும்.

டேவிட் ஜோன்ஸுக்கு மேலே போகும்போது இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது, இப்போதே சொல்லிவைக்கிறேன். டேவிட் பிறந்தது 1810, 1820 வாக்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துக் கார்டிகன்ஷயரில் அப்பாவின் முதல் பெயரையே பிள்ளைக்குக் குடும்பப் பெயராகச் சொல்வது இன்னும் மறையவில்லை. டேவிட் ஜோன்ஸ் என்றால் ஜான் என்பவரின் மகன் டேவிட் என்றே பொருளாக இருக்கலாம். அந்த ஜானின் குடும்பப் பெயர் ஜோன்ஸ் ஆக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. ஜான் எவன் ஆகவோ ஜான் மோர்கன் ஆகவோ இருக்கலாம். அந்த இடத்தில் பண்ணைப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏற முடியும். 1858க்கு முந்தைய வேல்ஸ் உயில்கள் நூலகத்தின் தளத்தில் இலவசம். கூலிக்காரர் உயில் எழுதியிருக்கமாட்டார் என்றாலும், அவர் இருந்த பண்ணையின் சொந்தக்காரர் எழுதியிருப்பார், அதில் வேலைக்காரர்கள், உறவுக்காரர்கள் பெயர் தலைகாட்டும். 1840களின் தசமபாக (சர்ச்சுக்கான வரி) வரைபடங்களும் அங்கேயே உண்டு, எந்த நிலத்தில் யார் குடியிருந்தார் என்று.

அபர்டேர் சேப்பலின் அங்கத்தினர் புத்தகத்தைக் கேட்டுவிட்டீர்களா? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அபர்டேர் மருமகள்:

கிளமோர்கன் காப்பகத்தின் இணையப் பட்டியலில் அந்தச் சேப்பலின் பெயரில் ஒரு தொகுப்பு இருக்கிறது ஐயா. ஆண்டறிக்கைகள், ஞாயிறு பள்ளிக் கணக்கு, 1860களில் தொடங்கும் ஒரு அங்கத்தினர் புத்தகம். பார்க்க நேரம் கேட்டு எழுதிவிட்டேன். வெல்ஷ் கையெழுத்தைப் படிக்க மாமனாரையும் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன். சக்கர நாற்காலியோடு வரலாமா என்றும் கேட்டிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். "கடிதத்தோடு வந்தார்" என்பது வெல்ஷ் ஏட்டில் எப்படி எழுதியிருக்கும்? எந்தக் கட்டத்தைத் தேட வேண்டும்?

பழைய ஏடு:

ஒவ்வொரு செயலாளரும் ஒவ்வொரு மாதிரி எழுதுவார், சுருக்கியும் எழுதுவார். பெயருக்கும் சேர்ந்த தேதிக்கும் பக்கத்துக் கட்டத்தைப் பாருங்கள். "ஓ" (o) என்ற ஒற்றை எழுத்துக்குப் பின்னால் ஊர் அல்லது சேப்பல் பெயர் வந்தால் "அங்கிருந்து" என்று பொருள். "இ" (i) என்ற எழுத்துக்குப் பின்னால் வந்தால் "அங்கே போனார்". இந்த இரண்டும் தெரிந்தால் போதும். 1865 முதல் 1872 வரை ஜோன்ஸ் என்று வரும் எல்லா வரிகளையும் நம்மவர் இல்லை என்று தோன்றினாலும் படமெடுத்துக்கொள்ளுங்கள், அண்ணன் தம்பிகள் ஒன்றாக வந்திருப்பார்கள். படமெடுக்க அனுமதியும் கட்டணமும் என்ன என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மாமனாருக்கு என் வணக்கம்.